மேதகு அக்கா

மூன்றாம் மாதம், 4
சலவைக்கூட மாடி

மே மே மேதகு அக்கா,

பயப்படாதே, ஆடு எழுதவில்லை. நான்தான். போன கடிதத்தை உன் மாளிகைத் தபால் அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். 'அன்புள்ள அக்கா' என்று எழுதியது குற்றமாம். கோமகன் வீட்டு மருமகளை 'மேதகு' போட்டுத்தான் கூப்பிட வேண்டுமாம், பேரரசின் எல்லா நட்சத்திரத்திலும் அதுதான் முறையாம். சரி, ஒரு 'மே' கேட்டார், மூன்றாகக் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கிண்டல் செய்யும் மனநிலையே இல்லை, தெரியுமா? (செய்துகொண்டுதான் இருக்கிறேன், அது வேறு.) உனக்குக் கோமகள் பட்டம் சூட்டும் விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. தங்க ஓரம், நல்ல வாசனை. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி: 'பட்டமில்லாத உறவினர் மண்டியிட வேண்டும். கோமகள் "எழுக" என்று சொல்லும்வரை எழக் கூடாது.'

யார் அந்தப் பட்டமில்லாத உறவினர்? நானும் அம்மாவும். நான் மண்டியும் போடுவேன், குட்டிக்கரணமும் போடுவேன். அம்மா? விண்கப்பல்காரர்களின் உடுப்பைத் துவைத்துத் துவைத்து முட்டி தேய்ந்துபோய், மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குகிறவள். முட்டியை மடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது நீயும்தானே பக்கத்தில் இருந்தாய்? பெற்றவள் போய்ப் பெண்ணின் காலடியில் விழுவதா? எந்தக் கிரகத்து நியாயம் இது?

பதில் போடு.

பட்டம் இல்லாமல் வால் மட்டும் உள்ள தம்பி,
வாலு


மூன்றாம் மாதம், 19
கோமகன் மாளிகை

அன்பு வாலுக்கு,

கப்பல் தபால் இன்றுதான் வந்தது. ஆட்டைப் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இங்கே சத்தமாகச் சிரிக்கவும் ஒரு பதவி வேண்டும்.

திட்டாதே. மாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் பெருங்கோமாட்டி. அவரிடம் நான் கேள்வியாகக் கேட்கக் கூடாது, 'கேட்க விரும்புகிறேன்' என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். நின்றேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆனால் 'எழுக' என்று சொல்லப்போவது நான்தானே? அம்மாவின் முட்டி தரையில் படுவதற்குள் சொல்லிவிடுவேன். லேசாகக் குனிந்தால் போதும். சத்தியமாக. அவளைக் கூட்டிக்கொண்டு வா. அவள் வராமல் எனக்கு என்ன பட்டம் வேண்டிக்கிடக்கிறது?

உன் அக்கா


நான்காம் மாதம், 2
சலவைக்கூட மாடி

மேன்மை தாங்கிய, மென்மை நீங்கிய மேதகு அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, எம் பொண்ணு சொல்லிட்டா" என்று ஒரே பெருமை. தையல்காரர், ரொட்டிக் கடைக்காரர் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பழகுகிறாள். "விழுந்துடப் போறம்மா" என்றால், "நான் எங்கடா விழப்போறேன்? அதுக்குள்ள அவ எழுகன்னு சொல்லிடுவா" என்கிறாள்.

எனக்கு இன்னும் எரிகிறது. ஆனாலும் கிளம்புகிறோம். அந்த ஒரு சொல்லைத் தொண்டையிலேயே தயாராக வைத்துக்கொள்.

வாலு


ஐந்தாம் மாதம், 11
கோமகன் மாளிகை

அன்பு வாலுக்கு,

விழா முடிந்ததும் ஏன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர்கள்? விருந்தில் உங்கள் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. எனக்கு எவ்வளவு சங்கடம், தெரியுமா?

அம்மாவுக்குக் கோபமா? நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். மாமியார் விரலை உயர்த்திவிட்டார். அந்த விரலை அவர் தாழ்த்தும்வரை நான் பேசக் கூடாதாம், மேடையில்தான் எனக்கே தெரிந்தது. சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம்தானேடா? அம்மா புரிந்துகொள்வாள்.

ஒரு நல்ல செய்தி. தபால் அதிகாரியிடம் தனி அனுமதி வாங்கிவிட்டேன். இனி நீ 'அக்கா' என்று மட்டுமே எழுதலாம், திருப்பி அனுப்ப மாட்டார்கள். எழுதுடா.

உன் அக்கா


ஐந்தாம் மாதம், 30
சலவைக்கூட மாடி

மேதகு, மாண்பமை கோமகள் அவர்களின் திருமுன்புக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

அம்மாவுக்குக் கோபம் இல்லை. "அவ சொன்னா, எனக்குத்தான் காது கேக்கல" என்று தையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முட்டியில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. இனி ஊன்றுகோல்தான். சலவைக்கூடத்தில் அவளுடைய இடத்தில் நான் நிற்கிறேன்.

தாங்கள் இரண்டடி தள்ளித்தான் இருந்தீர்கள். ஒருவேளை கேட்டிருக்காவிட்டால் என்று எழுதுகிறேன். இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு அம்மா, "எழுந்துக்கட்டுமா, கண்ணு?" என்றாள். பட்டங்களைப் படித்துக்கொண்டிருந்த கட்டியங்காரர் குனிந்து, "கோமகள்னு சொல்லணும்" என்றார். அம்மா திருத்திக்கொண்டாள். "எழுந்துக்கட்டுமா, கோமகளே?" என்று கேட்டாள்.

கடைசியில் நான்தான் தூக்கிவிட்டேன்.

தனி அனுமதிக்கு நன்றி. அதைத் தபால் அதிகாரியிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதை வைத்துக்கொண்டு இங்கே கூப்பிட யாரும் இல்லை.

தங்கள் குடிமகன்,
சலவைத் தொழிலாளி