அப்பாவின் கல் பிளந்த இடம்

வாய்லாரா, சும்பா தீவு.

அன்பு மகள் ரம்பு கரேரிக்கு அம்மா ஆசையுடன் எழுதுவது. நானும் உன் தம்பியும் குதிரைகளும் நலம். உன் அப்பாவும் முன்னறையில் துணி போர்த்தி அமைதியாக உறங்குகிறார். கல்லறைக்குள் போகும்வரை இறந்தவரும் நம் வீட்டு ஆள்தானே, அதனால் தினமும் காலையில் வெற்றிலை பாக்கு வைத்து ஊர்ச் செய்தி சொல்கிறேன். அந்த ஆஸ்திரேலியக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை போனில் முகம் வாடிக் கிடந்ததே. லீவு கிடைக்கவில்லை, அடக்கத்தை போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாய். அப்பாவை அப்படிப் பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் உண்மை என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

நேற்று கல் இழுத்தார்கள். அப்பாவின் கல்லறையை மூட மேட்டில் வெட்டிய மூடுகல்லை மர உருளைகள் மேல் ஏற்றி ஊரே கயிறு பிடித்தது, உன் சித்தப்பா உம்பு விண்டி கல்மேல் நின்று தலைப்பாகையோடு பாடினார், அவர் குரலுக்குக் கல் நகர்ந்ததோ பயந்து ஓடியதோ தெரியவில்லை. இழுத்ததைவிடத் தின்றதுதான் அதிகம். பாதிச் சரிவில் மெத்தையைப் பிரித்ததுபோலக் கல் கிடைவாட்டில் இரண்டாகப் பிளந்தது. சித்தப்பா குதித்துத் தப்பினார், யாருக்கும் அடியில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு. மக வராம வீட்டை விட்டுக் கெளம்ப மாட்டேங்கிறாரு" என்றார். கோழிக்குடலில் குறி பார்த்த பூசாரியும் அதையேதான் சொன்னார்.

நான் குனிந்து பிளவைப் பார்த்தேன். கீழ்ப் பாதி முழுக்கக் கொம்புக் கொம்பாகப் பவளம், மேல் பாதியில் உருண்டை உருண்டையாக வேறு வகை, நடுவில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறச் சேறு. கல் படிப்பு படித்த நீ அதே மேட்டில் என்னை வெயிலில் உட்காரவைத்துச் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. தண்ணீர் தெளிவாக இருந்த காலத்தில் கொம்புப் பவளம் காடாக வளர்ந்தது, பிறகு மழை பெருத்து ஆறு சேற்றைக் கொண்டுவந்து கொட்ட அது மூச்சடைத்துச் செத்தது, சேற்றைத் தாங்கும் உருண்டை வகை அதன்மேல் குடியேறியது, கடல் ஏறி இறங்கத் தரையும் உயர்ந்து எல்லாம் மேடாகிவிட்டது என்றாய். இன்னும் மேலே ஏறினால் இன்னும் பழைய பவளத் திட்டுகள், அவற்றில் நம் கரையில் இப்போது கண்ணிலேயே படாத வகைகள் உண்டு என்று நீ கை நீட்டிக் காட்டியபோது அப்பா, "கல்லுக்குள்ளயும் குடும்பக் கதை தேடுறா பாரு உன் மக" என்று கேலி செய்தார். அன்று ராத்திரி ஊர் முழுக்க அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்ததும் அவர்தான், அது உனக்குத் தெரியாது.

ஆகவே கல் ஏன் பிளந்தது என்று எனக்குத் தெரியும். சேறு படிந்த இடத்தில் பிடிப்பில்லை, அவ்வளவுதான். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை மகளே. அப்பா உனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று எல்லோரும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். புதுக் கல்லை என் மகள் வந்து தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் நிற்கும் என்றும் ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள். நீ வரும்வரை யாரும் உளி எடுக்கப்போவதில்லை.

கோபித்துக்கொள்ளாதே. அவர் முகத்தைப் பார்க்கப் பயமென்றால் என் கையைப் பிடித்துக்கொள், முதல் நாள் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. முன்னோர்கள் உன் வழியில் துணையிருக்கட்டும், உடம்பும் மனசும் சுகமாக இருக்கட்டும். உன் சிறு சுத்தியலை மறக்காமல் எடுத்து வா. அப்பா எத்தனை வருஷமானாலும் காத்திருப்பார், அவருக்கு இனி என்ன அவசரம். என்னால்தான் முடியவில்லை.

உன் அம்மா,
ரம்பு பாபாங்