ஒரு பிடி மண்

பெரம்பலூர் மிஷன் பங்களா,
1948

அன்புள்ள அம்மாவுக்கு,

கோழிகள் சுகம். இலங்கையிலுள்ள மன்னார் விலாசத்துக்கே எழுதுகிறேன். உங்கள் சிநேகிதர்கள் அனுப்பிவைப்பார்கள்.

திங்கட்கிழமை அரியலூர் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பினேன். காலியாகத் திரும்பியது. கப்பல் தாமதம் என்று நினைத்து, ஐயாவுக்குப் பிடித்த மிளகு ரசத்தை மறுநாளும் வைத்தேன். புதன்கிழமை புதுத் துரை ஒருவர் மனைவியோடும் பெட்டிகளோடும் வந்து, உங்கள் அறை எது என்று கேட்டார்.

வண்டிக்காரர் சாமிதுரை என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, பழைய ஐயா சீமைக்கே போயிட்டாங்களாமே. உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்க" என்றேன்.

மீதிச் சாமான்களைப் பின்னால் அனுப்பச் சொன்னீர்களாம். கட்டி வைத்திருக்கிறேன்.

"சிநேகிதங்களைப் பாத்துட்டு ரெண்டு நாள்ல வந்துடுவோம், கோழியைப் பாத்துக்க மகளே" என்றீர்கள். இரண்டு நாளைக்கு உடுப்பு அடுக்கியவளும் நான்தான். கிளம்பும்போது, இங்கே பிறந்து இங்கேயே இறந்த உங்கள் பாப்பாவின் கல்லறையில் குனிந்து, ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்தீர்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பள்ளத்தை இன்று மூடினேன்.

நான் ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர்ந்த அன்று, என்னைப் பெற்றவள் குன்னத்துக் குளத்தில் எனக்குத் தலைமுழுகினாள். ஊரே பார்க்க, என் பெயரைச் சொல்லி அழுதபடி முழுகினாள்.

நீங்கள் கோழியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள்.

இப்படிக்கு,
நீங்கள் மகளே என்று கூப்பிட்டவள்