அம்மா வரியை மறந்த சாயங்காலம்

கிட்வாய் நகர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுஷ்மாவுக்கு அப்பா எழுதுவது. அந்த டொரண்டோ குளிரில் நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. ஃபோனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் கடிதம். எழுத்துக் கூட்டியாவது நீயே படி, யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

போன வாரம் ஆர்.கே.புரத்தில் பொங்கல் விழா. வழக்கம்போல அம்மா பாட்டு, பாலு டிரம்ஸ், நான் பேஸ் கிடார். என் வாசிப்புதான் உனக்குத் தெரியுமே, இடைவெளி கண்ட இடமெல்லாம் விரல் ஓடும், பின்னால் நிற்கிறவனையும் நாலு பேர் பார்க்கட்டுமே என்று ஓர் ஆசை. இரண்டு மாதமாக ஒத்திகையில் பாலு திட்டிக்கொண்டே இருந்தான், அரே ஸார், அக்கா மூச்சு விடற இடத்துலல்லாம் நீங்க பூந்துடறீங்க, அவங்க எங்க வந்து சேருவாங்க, ரெண்டே ஸ்வரம் போதும், அதையே விடாம வாசிங்க என்று. அம்மா தடுமாறுவதை அவன் எனக்கு முன்பே கவனித்திருக்கிறான். கூடவே இருக்கிற நான் அசதி என்று நினைத்தேன்.

அன்று இரண்டாம் சரணத்தில் அம்மா நின்றுவிட்டாள். வரி மறந்தால் சிரித்துச் சமாளிப்பாளே, அந்தச் சிரிப்பு இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள், நான் யார் என்று கேட்கிற பார்வை. வரியை எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கை மட்டும் அந்த இரண்டு ஸ்வரத்தை ஒரே நடையில் வாசித்தது, ஒன்றும் கூட்டவில்லை, பாலுவும் விடவில்லை. எத்தனை சுற்று போயிற்றோ தெரியாது. மெல்ல அவள் கால் தாளம் போட ஆரம்பித்தது, பிறகு முதல் சரணத்தையே மறுபடி பாடினாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஆட்டோவில் வரும்போது, நல்ல கல்யாணம், பொண்ணு யாரு என்று கேட்டாள்.

டாக்டரிடம் போய் ஸ்கேனும் எடுத்தாயிற்று. மாத்திரையால் இந்த மறதியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், போனதைத் திருப்ப முடியாது என்கிறார். யாரையாவது போய்ப் பார்த்தால் எந்தக் காரியமும் நடக்கும் என்று முப்பது வருஷம் ஆபீஸில் நம்பினவன், இதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். உடனே டிக்கெட் போடாதே என்று எழுதி அடித்துவிட்டேன். வந்தால் நல்லது.

ஒன்று மட்டும் மறக்காதே, ஃபோனில் அவள் சொன்னதையே திரும்பச் சொன்னால் முதல் தடவை போலக் கேட்டுக்கொள். ஞாபகம் இருக்கா என்று மட்டும் கேட்டுவிடாதே. நேற்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மன்னிச்சுக்கோங்க ஸார் என்றாள்.

மலை மந்திர் முருகன் உன்னைக் காக்கட்டும். நன்றாக இரு, கண்ணு.

உன் அப்பா,
பத்மநாபன்