வாகனச் சோதனையில் தம்பி

ஜூலை 9, புதன்

குற்றாலம் ரோட்டில் வாகனச் சோதனையில் நின்றிருந்தேன். கை காட்டி நிறுத்திய பைக்கில் இருந்தது என் தம்பி கணேசன். முன்னால் டேங்கில் அவனுடைய நாலு வயது மகள். அவன் கண்கள் சிவந்திருந்தன. சட்டையில் கஞ்சா வாடை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"ஏலே, பிள்ளைய வச்சுக்கிட்டு இப்படியா வருத?" என்று கத்தினேன்.

எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவன் இன்று தலை குனிந்தான். "போன வாரம் விட்டுப் பாத்தேன்க்கா. மூணு நாளு தூக்கமே இல்ல, சோறு இறங்கல. என்னால தனியா முடியல."

இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி என்று ஒருநாளும் பேச்செடுத்ததில்லை. ஊருக்குத் தெரிந்தால் போலீஸ்காரி தம்பி என்று சிரிப்பார்கள் என்ற பயம்.

எஸ்.ஐ.யிடம் மறைக்காமல் சொன்னேன். அவனைச் சோதித்தார், பையில் ஒன்றுமில்லை. "முதல்ல வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். பிள்ளையை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் தென்காசியில் போதை மீட்பு வார்டில் அவனைச் சேர்த்தேன்.

கிளம்பும்போது, "நான் ஓடியாந்துட்டா என்ன செய்வக்கா?" என்று கேட்டான்.

"திரும்பக் கொண்டாந்து விடுவேன்லே."

போன் சத்தத்தைக் கூட்டித் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.