வராதே என்று நான் சொன்னது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்பதுதான் வழக்கமாக அடுத்த வரி. அந்த வரியை எழுதக் கூடாது என்று உன் சிநேகிதி எனக்குக் கண்டிஷன் போட்டிருக்கிறாள், அதனால் எழுதவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நெஞ்சில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி, அடுத்த மாதம் முதல் வாரத்தில் தேதியும் கொடுத்துவிட்டார். அப்பாடா, எழுதிவிட்டேன். இதை எழுதுவதற்குள் எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார், கொஞ்சம் தண்ணீர் குடி. அப்பா இப்போது பின்பக்கம் உட்கார்ந்து அவளுடைய பெட்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார், பாட்டு வேறு முனகுகிறார், ஆகவே இந்த நிமிஷம் பயப்பட ஒன்றுமில்லை.

சாயங்காலம் அவளை ஏற்றிப்போகக் கார் வந்துவிடும். அவள் உள்ளே பெட்டி கட்டுகிறாள், நான் முன்னறையில் தையல் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், கால் சும்மா இருக்காமல் தன்பாட்டுக்குப் பெடலை மிதிக்கிறது, எழுத்தெல்லாம் ஆடுகிறது, பொறுத்துக்கொள். இதற்குள் மூன்றாவது வீட்டு டீச்சரம்மா ஜிப் மாற்றுவதற்கு ஒரு பேண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாளைக்கு வாங்க என்று நான் சொல்வது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை, ஆனால் இன்றைக்குத் துணியைக்கூடக் கையில் வாங்காமல் சொன்னதால் பேண்டை மெஷின் ஓரத்தில் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். அப்பாவுக்கு நான் இதை எழுதுவது தெரியாது, ஏதோ ஊர்க்கதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். 'என்ன அங்க, நாவலா எழுதற' என்று இப்போதுதான் குரல் கொடுத்தார்.

உன் சிநேகிதியைப் பற்றிச் சொல்கிறேன். உன்னோடு ஆபீசில் வேலை செய்யும் அமெரிக்கப் பெண், ஊர் சுற்ற வருகிறாள், கடைசியாக நம் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்புவாள் என்று நீ சொன்னபோது, ஏதாவது ஓட்டலில் தங்கினால் என்னவாம் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன், பொய் சொல்வானேன். வந்த அன்றே வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டாள், இடித்த நிலைக்கே சாரி சொன்னாள். தண்ணீர் கொடுத்தால் தேங்க்யூ, வழி விட்டால் தேங்க்யூ, உன் தங்கச்சி ஃபேனைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் அதற்கும் தேங்க்யூ. அப்பா அவளுக்கு தேங்க்யூ என்றே பெயர் வைத்துவிட்டார், 'தேங்க்யூ எழுந்தாச்சா, தேங்க்யூவுக்குக் காபி குடுத்தியா' என்று அவர் கேட்டால் இவளும் என்ன என்று திரும்பிப் பார்க்கிறாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மருமகளா என்று எல்லோருக்கும் கேள்வி. எனக்கும் தலை வெடித்துவிடும் போலிருந்தது, நேரே அவளிடமே தங்கச்சியை விட்டுக் கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள், அவளுக்கு ஊரில் வேறொரு ஆள் இருக்கிறானாம். சரி, அந்த வரைக்கும் எனக்கு ஒரு வேலை மிச்சம். உனக்கு இரண்டு பேண்ட் தைத்து அவளிடம் கொடுத்திருக்கிறேன், இடுப்பு இப்போது என்ன அளவு இருக்கும் என்று கேட்டதற்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், அதைப் பார்த்துத் தாராளமாகவே தைத்திருக்கிறேன், உள்ளே துணியும் விட்டிருக்கிறேன்.

என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைப் பிடித்து உட்கார வைத்து, நம்ம ஊர் எப்படி இருக்கு என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு வாயையே பார்ப்பார்கள், புகழ்ந்து சொன்னால்தான் விடுவார்கள். அவளும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று தமிழிலேயே சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தாள். நான் தனியாகக் கேட்டபோது உண்மையைச் சொன்னாள். உன் தங்கச்சிதான் மொழிபெயர்ப்பு, அது பாதியை முழுங்கிவிட்டு மீதியைச் சொல்லும், உனக்குத் தெரியாததா. இந்த வீட்டில் எதற்குக் கதவு வைத்திருக்கிறீர்கள், யாரும் தட்டுவதில்லையே என்று கேட்டாளாம். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி தன் குழந்தையை இவள் மடியில் வைத்துவிட்டு நிம்மதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாளாம், அது தனக்கு ரொம்பப் பிடித்ததாம். வரிசையில் நின்றால் எல்லோரும் முதுகில் ஏறுவது பிடிக்கவில்லையாம். அதைவிடப் பிடிக்காதது, வேண்டாம் என்று சொன்னால் இந்த வீட்டில் யாருமே காதில் வாங்காததாம். போதும் என்று அவள் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தால், விரலுக்கு நடுவிலேயே நான் சோற்றைப் போட்டேனாம். ஆமாம் போட்டேன். வேண்டாம் என்றால் உடனே எடுத்துக்கொண்டு போய்விடுவதா, அப்படிப் போனால் நாளைக்கு என்னைப் பற்றி என்ன நினைப்பாள்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோய் இவரைக் கூப்பிட்டார்கள். லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவர் படி ஏறித்தானே போக வேண்டும், மோட்டார் ரூம் மொட்டைமாடியில் இருக்கிறது. பாதிப் படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம், வாட்ச்மேன்தான் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். இவர் என்ன சொன்னார் தெரியுமா, வாயுத் தொல்லை என்றார். அப்புறம் டாக்டர், டெஸ்ட், மறுபடியும் டெஸ்ட். போன சனிக்கிழமை நீ போன் செய்தாயே, அப்பா எங்கே என்று கேட்டாய், மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறதே என்றாய், நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம் அது. அப்பா உள்ளே படுத்திருந்தார், தொடையில் ஊசி குத்தி வயர் விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஜம்முன்னு இருக்கார், நீ ஒன்றும் கவலைப்படாதே என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பக்கத்துப் பெஞ்சில் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உன் தேங்க்யூ உட்கார்ந்திருந்தாள், வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கூடவே வந்தவள். போனில் யார், என்ன சொன்னார்கள் என்று தங்கச்சியைக் கேட்டாள். அதுவும் லூசு மாதிரி அப்படியே ஒப்பித்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு தேங்க்யூகூட வரவில்லை, அப்பாவே கேட்டுவிட்டார், என்ன ஆச்சு இவளுக்கு என்று.

மறுநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு வந்து என் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய அப்பாவும் இப்படித்தானாம். நெஞ்சில் ஏதோ கோளாறு, சின்ன விஷயம், உன் வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்று போனில் சொன்னாராம். இவளும் சரி என்று போகவில்லை. எங்க ஊர்ல ஒருத்தர் வராதேன்னு சொன்னா வராதேன்னுதான் அர்த்தம், அதை மீறிப் போறது மரியாதை இல்லைன்னு வளர்ந்தவங்க நாங்க என்றாள். அப்புறம் தகவல் வந்து அவள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய அப்பா உயிரோடு இல்லை. இதைச் சொல்லும்போது அழவில்லை, என் ஊசிப் பெட்டியில் இருந்த பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்து வைத்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அப்புறம் அவளே, நான் போய் அவனிடம் எதையும் நானாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அப்பா எப்படி இருக்கார்னு அவன் கேட்டால் பொய் சொல்ல என்னால் முடியாது, அவன் முதல் கேள்வியே அதுதான், அதனால் நீங்களே எழுதிக் கொடுங்கள், நான் கொண்டுபோய்க் கையில் தருகிறேன் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். நேற்று வந்தவள், எங்கள் வீட்டு விஷயத்தில் உனக்கென்ன என்று வாய்வரை வந்துவிட்டது. பிள்ளைக்குத் தெரிந்தால் அங்கே தனியாக உட்கார்ந்து துடிப்பான், அதற்காகத்தான் மறைக்கிறோம், பாசம் இருக்கிற வீட்டில் இப்படித்தான் என்றேன். நாங்கள் வராதே என்று சொன்னாலும் அவனுக்குப் புரியும், அவன் எங்கள் பிள்ளை என்றேன். அதற்கு அவள் கேட்டாள், அவன் எங்க ஊருக்கு வந்து எவ்வளவு காலம் ஆச்சு, இன்னும் உங்க மாதிரியேதான் இருக்கான்னு நிச்சயமா தெரியுமா என்று. தங்கச்சி இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிற்று.

அவள் எழுந்து போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். போன வருஷம் லீவு கிடைக்கும் போலிருக்கும்மா, வரட்டுமா என்று நீ கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா. இப்பத்தானே புது வேலை, எதுக்குப்பா அலையற, நாங்க நல்லாத்தான் இருக்கோம், வராதே என்றேன். சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. நீ வரட்டுமா என்று கேட்ட மறுகணமே உன் ரூம் மெத்தையைத் தூக்கி வெயிலில் போட வேண்டும் என்று மனசு ஓட ஆரம்பித்திருந்தது, நீ இன்னொரு தடவை கேட்பாய், நான் இன்னொரு தடவை வேண்டாம் என்பேன், அதெல்லாம் முடியாது நான் வரத்தான் போறேன் என்று கத்துவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அப்படித்தானே செய்வாய். பிள்ளைக்கு நம் மேல் பிடிப்பு விட்டுப்போய்விட்டது என்று அப்பாவிடம் சொல்லி அழுதேன். அது இல்லை, நீ அங்கே இருந்து இருந்து நாங்கள் சொல்வதை அப்படியே நம்பப் பழகிவிட்டாய், அவ்வளவுதான். இது எனக்கு ஒரு வேற்றூர்க்காரி வந்து சொல்லித்தான் உறைத்தது.

ஆகவே கண்ணா, இனிமேல் சுற்றி வளைக்கப் போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரி அவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். பகலில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அப்பா ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம் என்று ஒரே பிடிவாதம், இப்போ ரெண்டு புது லிஃப்ட் மாட்டற வேலை இருக்கு, அதை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம் என்கிறார். நான் சொல்லி, தங்கச்சி சொல்லி, டாக்டர் சொல்லி ஆயிற்று. நீ வந்து முன்னால் நின்றால் மறுபேச்சு பேசமாட்டார், உன்னைப் பார்த்தால் மனிதருக்கு எல்லா வீம்பும் அடங்கிவிடும். தங்கச்சி பாவம், ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் ஓடி ஓடிப் பாதியாகிவிட்டது, நானும் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டேன். நீ வா. ஆபரேஷனுக்கு முன்னாலேயே வா.

இந்த இடத்தில் அப்பா உள்ளே வந்துவிட்டார், அவசரத்தில் டீச்சரம்மா விட்டுப்போன பேண்டைத் தாள்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்கிற மாதிரி நடித்தேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும். 'அவன் செருப்பு சைஸ் மாறியிருக்கான்னு கேட்டு எழுது, புதுசு ஒண்ணு வாங்கி வைக்கணும்' என்று மட்டும் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போனார். ஏன் கேட்டார் என்று நீயே யோசித்துக்கொள்.

கார் வந்துவிட்டது, டிரைவர் ஹாரனை அமுக்குகிறார். தேங்க்யூ வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள், தெருவில் பாதிப் பேர் வழியனுப்ப வந்து நிற்கிறார்கள், டீச்சரம்மாகூட. பயணத்துக்கு நல்ல ஸ்வெட்டராக எடுத்துக்கொள், விமானத்தில் எதையாவது சாப்பிட்டுக்கொண்டே வா, அழுதுகொண்டே ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டாதே, யாராவது கூட வரட்டும். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனதோடும் நிறைவாக வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன்னோடு எப்போதும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிடும், பிள்ளையை அலைக்கழித்துவிட்டோமே என்று போன் செய்து, அப்பாவுக்குத் தேவலை, நீ வராதே என்று நானே சொல்வேன். சத்தியம்கூடச் செய்வேன். என் குரலும் தெளிவாகத்தான் இருக்கும். நீ சரிம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா