கோயில் ஜன்னலில் இடியாப்பத் தட்டு

1968 செப்டம்பர் 3, செவ்வாய்

பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. போதும்.

கோயிலில் பீடத்துக்குப் பின்னால் இன்று புது ஜன்னல் வைத்தார்கள். சிமெண்டுச் சட்டத்தில் வட்ட வட்டமாக வண்ணக் கண்ணாடி. வரைந்தது அசரியா. ஓவியக் கல்லூரியில் எனக்குப் பக்கத்து இடம். இப்போது மவுண்ட் ரோட்டில் விளம்பரக் கம்பெனி உத்தியோகம், எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளர் வேறு. "கனவுல பார்த்தேன் சத்தியநாதா" என்று என்னிடமே கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான்.

கனவாவது! அது என் வீட்டு இடியாப்ப அச்சின் ஓட்டைத் தட்டு. ஐம்பத்தெட்டில் அதைப் பார்த்து நான் வரைந்தேன். அந்த நோட்டை இரவல் வாங்கிப் போனவன் திருப்பித் தரவேயில்லை. தட்டில் ஒரு ஓட்டை மட்டும் வரிசையை விட்டு விலகியிருக்கும், அதைக்கூட விடவில்லை. பாஸ்டர் விலகி நிற்கும் அந்த ஒற்றைக் கண்ணாடியைக் காட்டி, "இதுதான் காணாமற்போன ஆடு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

22ஆம் தேதி பிரதிஷ்டை. வாசலில் கல் பதிக்கிறார்கள்: "வடிவமைத்தவர் அசரியா." என்னைப் போன்ற பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் பெயருக்கு வருகைப் பதிவேடு போதுமாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முழுக்க ஜன்னலையே பார்த்தேன். பசித்தது.

செப்டம்பர் 9, திங்கள்

கோயில் பெருக்கும் கங்கம்மாவைப் போல ஒரு கலை விமர்சகர் மதராஸிலேயே கிடையாது.

"இன்னா சார் இது, இடியாப்பத் தட்டு மாதிரி கீது?"

பக்கத்தில் அசரியா. முகம் சிவந்துவிட்டது. "கங்கம்மா, அது பரலோக வாசல்."

"பரலோகத்துல இடியாப்பம் புழியறாங்களா சார்?"

சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். புத்தகம் தலைகீழாக இருந்தது.

செப்டம்பர் 11, புதன்

கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். வடிவம் என்னுடையது, கல்லில் என் பெயர் வரவேண்டும். மனைவி ஹில்டாவிடம் படித்துக் காட்டினேன்.

"அந்தத் தட்டு கடையில வாங்கினதுன்னு நினைச்சீங்களா?" என்றாள்.

பல்லாவரத்துப் பாத்திரக்காரரிடம் வெறும் பித்தளைத் தட்டைக் கொடுத்து, கரியால் பூவும் அதைச் சுற்றி இரண்டு வளையமும் இவளே புள்ளி வைத்துக் காட்டினாளாம். கடைசி ஓட்டையில் அவருக்கு உளி வழுக்கிவிட்டதாம். காணாமற்போன ஆடு!

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே. நீங்க அதைப் பார்த்து வரைஞ்சீங்க, அவர் உங்களைப் பார்த்து வரைஞ்சார். இதுல எதுக்குங்க நாலு பக்கம்?"

அரிசி களையப் போய்விட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

அந்த நோட்டில் படத்துக்குக் கீழே யார் கையெழுத்து? என்னுடையது. கொட்டை எழுத்தில். அப்படியானால் நான் யார்? — சே.

செப்டம்பர் 14, சனி

நான்கு பக்கத்தையும் கிழித்தேன். புதுக் கடிதம் நாலே வரி. கூடவே, தட்டில் மை தடவிக் காகிதத்தில் ஒத்தி எடுத்த அச்சு. ஜன்னலோடு வைத்துப் பார்க்கட்டும், ஆடு உட்பட. இது பல்லாவரத்தில் அடித்த தட்டு, வடிவம் ஹில்டாவுடையது, கல்லில் அந்தப் பெயரைப் போடுங்கள் — அவ்வளவுதான்.

"ஐயோ, வேணாங்க, வெக்கமா இருக்கு" என்றாள். அரை மணி கழித்து அடுப்படியிலிருந்து, "போடறதா இருந்தா வெறும் ஹில்டான்னு போட்டுடப் போறாங்க. இனிஷியலோட போடச் சொல்லுங்க."

எஸ். ஹில்டா. அந்த 'எஸ்' நான்தான். கல்லில் எனக்கும் ஒரு எழுத்து. என் தகுதிக்கு அதிகம்தான். ஆனால் அசரியாவுக்கு அதுகூட இல்லை!

என் பெயர் போட்டு அனுப்பினால் பெண்டாட்டிக்கு சிபாரிசு என்பார்கள். என் கையெழுத்து இருக்கும் அந்த நோட்டை அசரியா எடுத்து நீட்டினாலும் நீட்டுவான். தாம்பரம் முழுக்க என் எழுத்தைத் தெரியும் என்பதால் இடது கையால் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை ஸ்டேஷன் தபால் பெட்டியில் போடுவேன். அடியில் கையெழுத்துப் போடப்போவதில்லை.