வளைந்த வால்வும் என் எச்சில் விரலும்

அன்புள்ள பொன்ராணிக்கு,

உன் உடம்பும் அத்தையின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? திருவனந்தபுரத்தில் விடாத மழை, நான் சுகம்.

இங்கே ரேஸ் பைக்குகளின் சக்கர வேலை. ஓட்டுவது வேறு ஆள், பயப்படாதே. முன்சக்கரத்தில் இரண்டு பக்கமும் பிரேக் டிஸ்க் இருப்பதால் காற்றடிக்கும் குழாயை நேராகச் செருக இடமில்லை. ரப்பர் வால்வோ அசுர வேகத்தில் மடங்கிக் காற்றை விட்டுவிடும். பக்கவாட்டில் வளைந்த உலோக வால்வுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்க வைத்தேன்.

மாட்டும்போது, நம் பஞ்சர் கடையில் லாரிக்கு முறுக்குவதுபோல் நட்டை முறுக்கிவிட்டேன். காற்றடித்ததும் கேஜில் அளவு சரியாகத்தான் காட்டியது. ஆனாலும் பழக்கம் விடுமா? நீ திட்டுவாயே, அதேபோல் விரலில் எச்சில் தொட்டு வால்வைச் சுற்றித் தடவினேன்.

முதலாளி சஜின் முகம் சுளித்தார். "அய்யே, என்ன பணி செய்யுத? சோப்புத் தண்ணி இருக்குல்லா?"

அதற்குள் எச்சிலில் ஒரு குமிழ் எழுந்தது. அடியிலிருந்த ரப்பர் வாஷர் நசுங்கியிருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். "கண்டுபிடிச்சயே, கொள்ளாம் கேட்டியா" என்று மெச்சித் தோளில் தட்டினார். வாஷரை மாற்றி அளவாக இறுக்கினேன். ஞாயிறு பந்தயத்தில் ஓட்டியவர் முழுசாகத் திரும்பினார்.

என் நீலக் கைலியை வருகிறவர்களிடம் கொடுத்துவிடு. சஜின் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

அன்றைக்கு எச்சில் விரலோடு சோற்றின் முன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கையைக் கழுவு என்று யாருமே கத்தவில்லை.

தவசிமுத்து